அம்மாட முழங்காலும் இஞ்சத்த சுடுதண்ணியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். தங்கச்சி வொய்ஸ் மெசேஜ் போட்டவள், முழங்கால் திரும்ப வீங்கிட்டுதாம், நீங்க கன்னியா சுடுதண்ணிக் கிணத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வர, கிணத்துத் தண்ணியில வாதம் மாறுறதெண்டா ஆஸ்பத்திரி எதுக்கு எண்டு அப்பா நக்கலடிச்சவராம். இத அவருக்கும் கேக்கிற மாதிரி வாசிக்கச் சொல்லுங்கோ. போன்ல சொன்னா இடையில வெட்டிப்போடுவார், அதாலதான் எழுதுறன்.

நான் இப்ப சுவிஸில இருக்கிற ஊர் பாட் ராகாஸ். 'பாட்' எண்டா ஜேர்மன்ல குளியல், பேர் தொடங்குறதே குளியலில பாருங்கோ. ஹொட்டல் லோண்டரியில நான் மடிக்கிற வெள்ளைத் துவாய்க்கு கணக்கில்ல, எல்லாம் சுடுதண்ணியில இறங்கி ஏறின ஆக்கள் துடைச்சது. அரைவாசிப் பேர் உங்கட வயசு, உங்கள மாதிரியே படியில சரிஞ்சு சரிஞ்சு இறங்குற ஆக்கள்.

போன ஞாயிறு லீவு, தண்ணி வாற இடத்தப் பாக்க நடந்து போனன். தமினா எண்டு ஒரு ஆறு, ரெண்டு பக்கமும் பாறை, மேல நிமிந்து பாத்தா ரெண்டும் முட்டுற மாதிரிக் கிடக்கு. கடைசியில பாறைக்குள்ளால ஒரு குகை, உள்ள காலடி வச்சதும் கண்ணாடி முழுக்க புகார் பிடிச்சு ஒண்டுமே தெரியேல்ல. தண்ணி 36.5 பாகை, எங்கட உடம்புச் சூடுதான், கை வச்சா சூடோ குளிரோ எண்டே விளங்காது. எரிமலையோ எண்டு அப்பா கேப்பார். இல்ல, மழையும் பனியும் பாறைக்குள்ளால ஆழத்துக்கு இறங்கி அங்க சூடாகி வெடிப்பால மேல வருது. கன்னியாவும் அப்பிடித்தான், இலங்கையில எங்க எரிமலை.

1240 அளவில வேட்டைக்குப் போன ஆக்கள் கண்ட ஊத்தாம். அந்தக் காலம் பாதையே இல்ல, நோயாளியள கயித்தில கட்டி மேலயிருந்து இறக்கினவங்களாம்! இறங்கினா லேசில ஏறேலாது, அதால நாள்க்கணக்கா தண்ணிக்குள்ளயே இருந்து, சாப்பாடும் அதுக்குள்ள, நித்திரையும் அதுக்குள்ள. தோல் ஊறிச் சொறி கிளம்பினா நோய் வெளிய வருது எண்டு சந்தோசமாம், ஆச்சி சொல்லுற கதை மாதிரியே இருக்கு. 1535ல பராசெல்சஸ் எண்ட பேர்போன வைத்தியர் இஞ்ச மடத்தில வந்து நிண்டு இந்தத் தண்ணியப் பத்தி எழுதியிருக்கிறார். 1840ல ஒரு 4 கிலோமீட்டருக்கு குழாய் போட்டு தண்ணிய கீழ ராகாஸுக்கு இறக்கினாங்கள், பிறகென்ன, காசுக்காரர் வர வெளிக்கிட்டாங்கள்.

இப்ப முழங்காலுக்கு வாறன். எங்களோட சாப்பிட வாற பிசியோதெரபி செய்யிற பிள்ளை ஒண்டு சொன்னது, கழுத்தளவு தண்ணியில நிண்டா உடம்புப் பாரத்தில பத்தில ஒண்டுதான் காலுக்கு வருமாம். நீங்க 70 கிலோ எண்டா 7 கிலோ, ஒரு குடத்துத் தண்ணிப் பாரம் கூட இல்ல! அதோட சூட்டில தசை இளகும், அப்ப நோகாம மடக்கி நீட்டலாம். தண்ணியில இருக்கிற உப்பு தோலால ஊறிப் போய் நோய மாத்துறதெண்டு பெருசா ஒண்டுமில்லையாம், வேலை செய்யிறது சூடும் மிதப்பும்தான்.

இப்ப கன்னியாவ யோசியுங்கோ. அங்க நாங்க இறங்குறதில்லையே, வாளியால அள்ளி ஊத்திட்டு வாறம். சூடு கிடைக்கும், மிதப்பு இல்ல. அதான் உங்களுக்கு அண்டைக்கு ஒருநாள் சுகமாயிருந்திட்டு அடுத்தநாள் பழையபடி.

அதுக்காக அப்பா வெண்டிட்டார் எண்டு நினைக்க வேண்டாம். தாத்தாட 31ஆம் நாள் கிரியைக்கு கன்னியாவுக்குப் போனது எனக்கு நல்ல ஞாபகம், மொட்டையடிச்ச தலையோட அப்பாதான் ஏழு கிணத்திலயும் மாறி மாறி அள்ளி ஊத்தினவர், ராவணன் தாய்க்குக் கிரியை செய்ய வாளால குத்தின இடமெண்டு எனக்குக் கதை சொன்னதும் அவர்தான். ஒரு கிணறு சுட்டு நான் கத்த, "பேசாம நில்லடா" எண்டு திரும்ப அதிலயே அள்ளினார். அண்டைக்கு நக்கல் எங்க போச்சு?

நான் சொல்லுறது, கன்னியாவுக்குப் போங்கோ, ஆனா கிழமையில மூண்டு நாள் விடிய தங்கச்சியக் கூட்டிக்கொண்டு உப்புவெளிக் கடல்ல நெஞ்சளவில இருபது நிமிசம் நடவுங்கோ. கடல் அடங்கியிருக்கிற மாசத்தில மட்டும், மாரியில வேண்டாம். ஆடி அமாவாசைக்கு மட்டும் கடல்ல கால் வைக்கிற ஆள் நீங்க, வெக்கப்படுவீங்க எண்டு தெரியும். சோட்டியோட இறங்குங்கோ, ஆர் பாக்கிறது.

சுடுதண்ணியில கனநேரம் நிக்கவும் வேண்டாம். நான் முதல்நாள் ஆசையில முக்கா மணித்தியாலம் ஊறிக் கிடந்திட்டு எழும்ப, கண் இருட்டி கம்பியப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், சூட்டில ரத்தக்குழாய் விரிஞ்சு பிரசர் இறங்கிடுமாம். நீங்க பிரசர் குளிசை போடுற ஆள், கிளினிக்கில டொக்டர ஒருக்கா கேட்டிட்டுப் போங்கோ.

காசு வெள்ளிக்கிழமை போடுறன். வீங்கின காலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, பிசியோ பிள்ளையிட்ட காட்டோணும்.

மகன்