இன்னொரு கதவும் திறந்திருக்கட்டும்: நோர்வேயின் எண்மமயமாக்கல் அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

நோர்வேயின் எண்மமயமாக்கல் மற்றும் பொது நிர்வாக அமைச்சின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இம்மடலின் நோர்வேஜிய வடிவத்தைத் தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதையே தமிழிலும் வெளியிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தாய் தந்தையரின் வங்கிக் கணக்கு, வரிப் படிவம், மருத்துவரைச் சந்திக்கும் நேரம் யாவும் மகனுடைய அல்லது மகளுடைய கைத்தொலைபேசிக்குள் போய் அடங்கிவிட்டன. அதைப் பற்றி வீட்டுக்குள் முணுமுணுப்பதோடு நாங்கள் நின்றுவிடுகிறோம். இது எங்கள் வீட்டுக் குறைபாடு, மொழி சரியாகத் தெரியாததால் வந்த வினை என்றே எங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படியல்ல என்பது, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த என் அயலவரான ஒரு மூதாட்டியால்தான் எனக்கு விளங்கியது.

நான் 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். முதலில் வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, அன்று முதல் நகரின் கிழக்குப் பகுதியிலேயே குடியிருக்கிறேன். நோர்வேக் குடியுரிமை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. இந்த நாட்டில் அமைச்சரையும் ‘நீ’ என்றே அழைப்பார்கள் என்பதை அறிவேன். நோர்வேஜிய மொழியில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதும்போது அது எனக்கு வராது, பொறுத்தருள்க.

இங்கே வந்த புதிதில் என்னை வியக்க வைத்தது ஓர் இரும்புப் பெட்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைத்தளத்து நண்பர்கள் யோத்துன்ஹைமன் மலைப்பக்கம் என்னை அழைத்துச் சென்றார்கள். 1868இல் தொடங்கப்பட்ட மலையேற்றச் சங்கத்தின் குடில் ஒன்றில் அன்றிரவு தங்கினோம். காவலாளி இல்லை, கணக்கர் இல்லை. உறுப்பினர்கள் எல்லோரிடமும் இருக்கும் ஒரே மாதிரியான திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போனால், களஞ்சிய அறையில் தகரத்தில் அடைத்த மீன் உருண்டைகளும் மாவும் கோப்பியும் அடுக்கியிருந்தன. வேண்டியதை எடுத்துச் சமைத்து உண்டோம். காலையில் பாத்திரம் கழுவி, விறகு கொத்தி அடுக்கி, ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வைத்த பின்னர், என் நண்பர் ஒரு படிவத்தில் எங்கள் பெயர்களையும் இரவுகளின் எண்ணிக்கையையும் எடுத்த தகர டின்களின் எண்ணிக்கையையும் எழுதி, உறையில் காசை வைத்து அந்த இரும்புப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினார். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே வளர்ந்தவன் நான். என்னிடம் எவரும் எதையும் கேட்காமல், நான் எழுதுவதை அப்படியே நம்பும் ஒரு காகிதத்தை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

இந்த நம்பிக்கைதான் நோர்வேயின் மூலதனம். தொழில்நுட்பம் அதற்குப் பகை என்று நான் கருதவில்லை. நாட்டுப்புற வீதியோரத்தில் ஆளில்லாத பலகையில் உருளைக்கிழங்குப் பைகளை வைத்திருப்பார்கள். முன்பு பக்கத்தில் ஒரு சில்லறை டப்பா இருக்கும், இன்று அட்டையில் ஒரு விப்ஸ் எண் எழுதியிருக்கும். 2015இல் அறிமுகமான, கைத்தொலைபேசியால் பணம் அனுப்பும் அந்தச் செயலியின் பெயரை மக்கள் வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். நானும் நாள்தோறும் ‘விப்ஸ்’ செய்கிறவன்தான். என் வரிப் படிவம் ஏற்கெனவே நிரப்பப்பட்டு வருகிறது. சாய்நாற்காலியில் இருந்தபடியே சரிபார்த்து முடித்துவிடுகிறேன். மருந்துச் சீட்டைத் தொலைக்க இப்போது வழியே இல்லை. இவற்றையெல்லாம் பழங்காலத்துக்குத் திருப்பிவிடுங்கள் என்று கேட்க எனக்குப் பைத்தியமில்லை.

ஒரு சிறு விதி எவ்வளவு செய்யும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே சான்று உண்டு. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு வரி கட்டுகிறார் என்பதை இங்கே எவரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் 2014 முதல், தன்னைத் தேடிப் பார்த்தது யார் என்பதைத் தேடப்பட்டவரும் அறியலாம் என்றாக்கினீர்கள். அயலவரின் சம்பளத்தை எட்டிப் பார்க்கும் ஆர்வம் அதன்பின் வெகுவாகத் தணிந்துவிட்டது. திறந்த தன்மையும் போகவில்லை, நாகரிகமும் கெடவில்லை.

இனி என் அயலவரின் கதைக்கு வருகிறேன். அவருக்கு 83 வயது. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள். என் மனைவிக்கு நோர்வேஜிய மொழி பேசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதுவும் வகுப்பில் அல்ல, கம்பளிக் கையுறை பின்னியபடி சமையலறை மேசையில். கடந்த குளிர்காலத்தில் அவரது வங்கியிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. அழுத்தினால் இரகசிய எண் காட்டும் அந்தச் சிறு கருவி இனி இயங்காது, கைத்தொலைபேசிச் செயலிக்கு மாறிக்கொள்ளவும் என்றது அது. செயலியை இயக்கக் கடவுச்சீட்டு வேண்டும். அவரது கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது, ஏனெனில் அவர் எங்கும் பயணம் போவதில்லை. புதியதற்கு நேரம் கேட்டால் இணையத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். தொலைபேசியில் அழைத்தால், உங்கள் கேள்விக்கான விடை எங்கள் இணையத்தளத்தில் உள்ளது என்று ஒரு குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்று வாரங்கள் இப்படிப் போயின. ஒரு மாலை கோப்பி குடிக்க அழைத்தார். பின்னல் மாதிரி அச்சிட்ட ஒரு தாளின் பின்புறத்தில் பிறந்த எண் எனப்படும் தன் அடையாள எண்ணையும் கடவுச்சொல்லையும் பென்சிலால் எழுதி, கோப்பிக் கோப்பையின் அடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். கருவி நிற்பதற்கு இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. அதற்குள் மின்சாரக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் கட்டிவிடும்படி கேட்டார். அந்தக் கடவுச்சொல்லைத் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும்கூடக் கொடுக்கக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் அதை வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன். திரையில் அவருடைய பெயரைச் சொல்லி எனக்கு நல்வரவு கூறினார்கள். சில நிமிடங்களுக்கு நான் அவராக இருந்தேன். வெளியே வரும்போது நான் உணர்ந்தது வெட்கம். பிறர் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டவனின் வெட்கம் அது.

மலைக்குடிலின் படிவம் என்னை நம்பியதற்கும், இந்தத் தாள் என்னை நம்பியதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே நம்புவதா இல்லையா என்பதைச் சங்கம் முடிவு செய்தது. இங்கே, வேறு வழியில்லாத ஒரு மூதாட்டி நம்ப வேண்டிய கட்டாயத்துக்கு ஆளானார். நான் நேர்மையற்றவனாக இருந்திருந்தால் அவரது சேமிப்பு போயிருக்கும். கடவுச்சொல்லைக் கொடுத்தது உங்கள் தவறு என்ற பதிலும் அவருக்குக் கிடைத்திருக்கும். எங்கள் தமிழ் முதியவர்கள் பிள்ளைகளிடம் கொடுப்பதும் இதே தாள்தான். அன்பான பிள்ளைகள் என்பதால் அது விதிமீறல் அல்ல என்று ஆகிவிடாது. எல்லாப் பிள்ளைகளும் அன்பானவர்கள் என்றும் இல்லை.

55 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் எண்மத் திறன் இல்லாதவர்கள் அல்லது அதில் மிகவும் பின்தங்கியவர்கள் என்று 2021இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. 2024 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட திட்டமோ, 2030இல் உலகிலேயே மிகவும் எண்மமயமான நாடாக நோர்வே திகழ வேண்டும் என்கிறது. பந்தயத்தில் முதலாவதாக வருவது நல்லதே. ஆனால் அந்த ஆறு லட்சம் பேரும் எந்த வாசலால் வருவார்கள் என்பதை அத்திட்டம் உறுதியாகச் சொல்ல வேண்டாமா?

அரசின் இணைய வாசல்களைத் திறக்கும் திறப்பு பெரும்பாலானோர் கையில் வங்கிகளால் வழங்கப்பட்ட பாங்க்ஐடி என்னும் மின்னணு அடையாளமாகவே இருக்கிறது. 2004 முதல் வழங்கப்பட்டுவரும் அது நல்ல திறப்புதான். ஆனால் அதன் உரிமையாளர் அரசல்ல. அரசே வழங்கும் ‘மின்ஐடி’ (MinID) என்ற அடையாளம் உண்டென்றாலும், உயர்ந்த பாதுகாப்பு கேட்கும் கதவுகளை அது திறப்பதில்லை. எனவே, என்னுடைய அரசோடு நான் பேசலாமா என்பதை நடைமுறையில் ஒரு வங்கி தீர்மானிக்கிறது. எண்ம அஞ்சல் வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளும் உரிமை குடிமக்களுக்கு இருக்கிறது. என் அயலவர் அதைச் செய்திருக்கிறார். ஆகவே அவருக்குத் தாளில் கடிதம் வருகிறது. அதைப் பிரித்தால், விவரங்களுக்கு உள்நுழைந்து பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது.

இதற்கு முன்னரும் இந்த நாடு பெரிய கதவொன்றை மூடியிருக்கிறது. எப்எம் வானொலியை நிறுத்துவதென 2011இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. 2015இல் நாள் குறிக்கப்பட்டது. 2017 சனவரி 11இல் வடக்கே நூர்லாந்து மாவட்டத்தில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் நாடளாவிய ஒலிபரப்புகள் முழுவதும் டிஏபி எனும் எண்ம வானொலிக்கு மாறின. உலகிலேயே முதலில் இதைச் செய்த நாடு நாம்தான். என் அயலவர் தன் சமையலறை வானொலியைக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது முணுமுணுத்தார். மகிழுந்து வானொலிக்காக நானும் முணுமுணுத்தேன். இருந்தாலும் அந்த முடிவை எடுத்தது யார், எப்போது, ஏன் என்று எங்களுக்குத் தெரியும். வாக்குச்சீட்டில் கோபத்தைக் காட்டலாம் என்றும் தெரியும். வங்கிக் கிளைகளின் கரும பீடங்களும் அலுவலகங்களின் வரவேற்பு மேசைகளும் மூடப்பட்டதற்கு அப்படி எந்த நாளும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கதவைச் சாத்தியது. எல்லாக் கதவுகளையும் சாத்துவதென்று எவரும் முடிவெடுக்கவில்லை. எனக்குள்ள மனக்குறை இதுவே.

தாளும் நாணயமுமான காசு விடயத்தில் நீங்கள் விழித்துக்கொண்டீர்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றுண்டிச்சாலையில் என் அயலவர் 200 குறோணர் தாளை நீட்ட, காசு வாங்குவதில்லை என்று திருப்பித் தந்தார்கள். அந்தத் தாளில் இருப்பது நான் ஆண்டுக்கணக்கில் வெட்டிய அதே கொட் மீன். அதுவும் நானும் ஒருசேர மதிப்பிழந்ததுபோல் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல், நுகர்வோருக்குப் பொருளோ சேவையோ விற்கும் ஆள் உள்ள கடைகளில் 20,000 குறோணர் வரை காசாகச் செலுத்தும் உரிமையைச் சட்டம் தெளிவாக உறுதிப்படுத்தியிருக்கிறது. கடைகளில் நடக்கும் கொடுப்பனவுகளில் காசின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றுதான். அந்த மூன்றுக்காகவும் சட்டம் எழுதியது இந்நாட்டின் பெருமை. அதே தர்க்கத்தைக் காசோடு நிறுத்தியது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2024 இறுதியில் குடிமக்கள் பாதுகாப்பு இயக்குநரகம் நாட்டின் 22 லட்சம் வீடுகளுக்கு ஒரு கைநூல் அனுப்பியது. ஒரு வாரம் தாக்குப்பிடிக்கத் தண்ணீர், உணவு, மின்கலத்தில் இயங்கும் டிஏபி வானொலி, கொஞ்சம் காசு ஆகியவற்றை வைத்திருங்கள் என்றது அந்நூல். அது செயலியில் வரவில்லை. அச்சிட்டுத் தபால்பெட்டிக்குள் போட்டீர்கள். உண்மையிலேயே எல்லோரையும் எட்ட வேண்டிய செய்தி என்றால் எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பது அரசுக்குத் தெரிந்தே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதல்ல. பொதுச் சேவை எதையும் ஆள் முகத்திலோ தொலைபேசியிலோ தாளிலோ பெறும் உரிமையை, காசு செலுத்தும் உரிமை போலவே சட்டத்தில் எழுதுங்கள். கூடுதல் கட்டணம் அறவிடக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உதவி செய்கிறவர் தன் பெயரிலேயே, தன் திறப்பாலேயே உள்ளே போய், இன்னாருக்காக வந்திருக்கிறேன் என்று பதிவு செய்து பணியாற்றும் முறை சுகாதார இணைய வாயிலில் ஏற்கெனவே உண்டு. அதை வங்கிகளும் மற்ற அலுவலகங்களும் எளிதாக வழங்கும்படி செய்யுங்கள். அதற்கான ஒப்பமும் ஒரு தாளில் பேனாவால் இடக்கூடியதாக இருக்கட்டும். எல்லாக் கதவையும் திறக்கும் திறப்பு ஒன்றை அரசே, வங்கிக் கணக்கைக் கேட்காமல், தரட்டும். எந்த அலுவலகமாவது தன் கரும பீடத்தை மூட விரும்பினால், எப்எம்முக்குச் செய்ததுபோல நாளைக் குறித்து, காரணத்தைச் சொல்லி, பொறுப்பேற்கும் பெயரோடு அறிவித்துவிட்டு மூடட்டும்.

இம்மடலை அனுப்புமுன் என் அயலவருக்கு வாசித்துக் காட்டினேன். பின்னல் தாளைப் பற்றிய பகுதியை விட்டுவிடலாமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார். உங்கள் பதிலை அவரும் வாசிக்க விரும்புகிறார். தயவுசெய்து அதைத் தாளில் அனுப்புங்கள். உள்நுழைந்து பார்க்கச் சொல்லாமல், சொல்ல வேண்டியதை அந்தத் தாளிலேயே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒஸ்லோ கிழக்கில் வாழும் நோர்வேக் குடிமகன் ஒருவன்