காதருக்கு ஒரு கடிதம்

தங்கச்சிமடம்

அன்புள்ள காதருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எக்கோ ஸ்கேனில் பெருந்தமனியின் விட்டம் 4.3 செ.மீ. என்று தெரிந்த நாளிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அதே விரிவுதான் என்பது உனக்குத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஓர் அளவை மட்டும் பிடித்துக்கொண்டு தவிக்காதே. இதயத்திலிருந்து மேலேறும் அந்தக் குழாய் பெரியவர்களுக்குப் பொதுவாக 4 செ.மீ.க்குள் இருக்கும். விரிய விரியச் சுவரின் மேல் இழுவிசை கூடும் என்பதால்தான் அளந்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு 5.5 செ.மீ. தொடும்போது அறுவை சிகிச்சை; பரம்பரைக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே. ஆனால் அளவைவிட அது வளரும் வேகத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பலருக்கு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுவதில்லை. ஒரே ஆண்டில் 5 மில்லிமீட்டர் கூடினால், 5.5-க்குக் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே உன் இரண்டாவது ஸ்கேன்தான் உண்மையைச் சொல்லும். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மருத்துவர் வரச் சொன்னால் தட்டாதே.

எக்கோ அளவும் சி.டி. ஸ்கேன் அளவும் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் மாறும். சி.டி.யைச் சி.டி.யோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் குழாயின் அதே இடத்தில். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்து. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்.

ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்கட்டும். மாத்திரையை ஒரு நாளும் விடாதே. கருவாட்டைக் குறைத்துக்கொள், நம் கரையில் பிறந்தவனுக்கு இது கொடுமைதான், தெரியும். பீடியை அடியோடு விடு. நடக்கலாம், மூச்சைப் பிடித்து நங்கூரக் கயிறு இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் கூடாது. மகனின் விசைப்படகு தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகிறது. நான் கரையில் ஏலக் கணக்கு மட்டும் பார்க்கிறேன். கயிற்றைத் தொடாமல் நிற்பது இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மருந்துக் கடையில் நீயாகக் கேட்டு வாங்காதே. அந்த வகை மருந்துகள் பெருந்தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது.

நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பதுபோல வலித்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதே. உடனே 108-ஐ அழை. தமனி விரிந்திருக்கிறது என்பதை மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மாரடைப்பென்று எண்ணி ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஜமீலாவுக்கும் இதைச் சொல்லி வை.

இந்த விரிவு குடும்பத்தில் ஓடக்கூடியது. உன் தம்பியையும் பிள்ளைகளையும் ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல். பெரியபட்டினத்துத் தம்பி மறுப்பான், நீ விடாதே.

உன் எக்கோ ரிப்போர்ட்டின் நகலை அனுப்பு. இதயத்திலிருந்து பெருந்தமனி தொடங்கும் இடத்து வால்வு மூன்று இதழா, பிறவியிலேயே இரண்டு இதழா என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு என்றால் விரிவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்; அடுத்த முறை மருத்துவரிடம் நானும் உன்னோடு வருகிறேன்.

அன்புடன்,
சேவியர்