சமையலறை மேடைக்கு வெளிச்சம்

திருச்சி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வீடு பூச்சு வேலை வரைக்கும் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. சமையலறைக்கு ஆசாரி வருவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் போன வருஷம் கண்புரை ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறமும் கீரை ஆய்வதென்றால் முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். கண் சரியாகத்தான் இருந்தது. டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் மேடையில் நின்றால் அவர் நிழலே கை மேல் விழுந்தது. இத்தனை வருஷம் அது எனக்குத் தோன்றவே இல்லையே என்று வருத்தமாக இருந்தது. அதனால் மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. ஸ்ட்ரிப், அதாவது குட்டி குட்டி விளக்குகள் வரிசையாக இருக்கிற பட்டை, ஒட்டினேன்.

முதல் தடவை சரியாக வரவில்லை. மேடை 3 மீட்டர். ஸ்ட்ரிப் 12 வோல்ட், மீட்டருக்கு 9.6 வாட். மொத்தம் 29 வாட் வருகிறது. வீட்டுக் கரண்ட்டை 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க, கடையில் கொடுத்த 24 வாட் அடாப்டரைக் கணக்குப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அடாப்டரின் வாட் தேவையைவிட 20 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். நீ 24 வோல்ட் ஸ்ட்ரிப்பே வாங்கு. அதே வெளிச்சத்துக்கு 12 வோல்ட்டில் ஓடுகிற ஆம்பியரில் பாதிதான் ஓடும், கடைசி முனை மங்காது.

சுவிட்ச் விஷயம்தான் முக்கியம். வயர்மேன் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயரில், சுவிட்ச் கொடுத்துவிட்டார். அணைத்த பிறகும் ராத்திரியில் விளக்கு லேசாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் அடாப்டர் வரைக்கும் பேஸ், அதாவது தொட்டால் ஷாக் அடிக்கிற கரண்ட், வந்து நிற்கிறது! ஈரக்கையோடு வேலை செய்கிற இடம், முருகேசா. அன்றைக்கே மாற்றச் சொன்னேன். பேஸ் வயர்தான் சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். பக்கத்தில் நின்று பார், டெஸ்டரை வாங்கி நீயே ஒரு தடவை வைத்துப் பார். அந்த லைனுக்கு, கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆசைப்பட்டு ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிவிடாதே. அதற்கான டிம்மர் அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் வர வேண்டும். அடாப்டரை அடுப்புக்கு மேலே வைக்க விடாதே. காற்றுப் படுகிற, கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடமாக இருக்கட்டும்.

ஸ்ட்ரிப்பை வெறுமனே ஒட்டினால் கறுப்பு கிரானைட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளை மூடி போட்ட அலுமினியச் சேனலில் வைத்து, அலமாரியின் முன் ஓரமாகப் பொருத்து. நான் 4000 கெல்வின் நிறம், அதாவது ரொம்ப மஞ்சளும் இல்லாமல் ரொம்ப நீலமும் இல்லாத வெள்ளை, வாங்கினேன். அதில் கீரையின் பச்சையும் புழுவும் தனித்தனியாகத் தெரிகின்றன என்கிறார் அம்மா.

இதற்கெல்லாம் சுவரில் வயர் போகிற பைப் இப்போதே போட்டாக வேண்டும். டைல்ஸ் ஒட்டிவிட்டால் உடைக்கத்தான் வேண்டியிருக்கும். மேடை நேராகவா, எல் வடிவமா? நீளத்தை அளந்து எழுது, எத்தனை வாட் அடாப்டர் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். பால் காய்ச்சும் தேதியையும் மறக்காமல் எழுது. அம்மாவும் வருகிறேன் என்கிறார்.

அன்புடன்,
சேகர்