கேட் கிழக்கா, வடக்கா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பின படம் வந்தது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டல் வாசலில் நீயும் மாப்பிள்ளையும், பின்னால் விசிறி வாழை. அந்த ஹோட்டலுக்குச் சின்னமே அந்த மரம்தான். தஞ்சாவூரில் கட்டுகிற வீட்டுக்கு முன்னாலும் அதே மாதிரி ஒன்று நடுநாயகமாக நிற்கணும் என்று கேட்டிருக்கிறாய். வைக்கலாம், தாராளமாக. ஆனால் பட்டுக்கோட்டை வீட்டில் நான் அடித்த கூத்தை முதலில் கேள்.

விசிறி வாழையை நர்சரியில் டிராவலர்ஸ் பாம் என்றுதான் கேட்டு வாங்கினேன். பனையும் இல்லை, வாழையும் இல்லை, மடகாஸ்கரில் பிறந்து எங்கெங்கோ போன மரம் அது. இடுப்பளவு கன்று. நல்லா வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, குழி வெட்டி, மக்கின சாணமும் செம்மண்ணும் கலந்து போட்டு, கைக்கு வந்தபடி இறக்கி மூடிவிட்டேன். அங்கேதான் தப்பு. இதற்கு இலை சுற்றிலும் வராது, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று ஒரே வரிசையாக விரியும், கன்றில் எந்தத் திசையோ கடைசி வரைக்கும் அதே திசைதான். நாலு வருஷம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. தெருவில் இருந்து பார்த்தால் கம்பு நட்ட மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டு மாடியில் இருந்து பார்த்தால் மயில் தோகை விரித்த மாதிரி இருக்கும். அந்த வீட்டம்மா "உங்க மரம் ரொம்ப அழகுங்க" என்று சொல்லும்போதெல்லாம் உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள், உனக்குத்தான் தெரியுமே. கிழக்கு மேற்காகத்தான் விரியும், திசை காட்டும் மரம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். சும்மா பேச்சு. நாம் வைக்கிற விதம்தான்.

அப்புறம் இடம். காம்பவுண்டுச் சுவரில் இருந்து நாலடி தள்ளி வைத்தேன். இலைக்காம்பே ஆளைவிட நீளமாகப் போகும் என்று அப்போது யார் சொன்னார்கள்? ஒரு பக்க இலை கரண்ட் கம்பியில் உரசி, வருஷா வருஷம் வெட்டி வெட்டி விசிறியில் பாதிதான் மிச்சம். உனக்குப் பன்னிரண்டு அடி விடப் போகிறேன், மேலே கம்பி இல்லாத இடமாக.

காற்றைப் பற்றி நீ பயப்படுவது சரிதான். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடியற்காலை, கொல்லையில் இருந்த பதினோரு தென்னையில் ஏழு சாய்ந்தது. இது சாயவில்லை. ஆனால் இலை அத்தனையும் நார் நாராகிவிட்டது, செத்துவிட்டது என்றே நினைத்தேன். தை பிறந்ததும் நடுவில் ஒரு குருத்து சுருட்டின பாய் மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது. கிழிந்ததால்தான் காற்று உள்ளே புகுந்து போயிருக்கும், முழு இலையாகப் பிடித்து நின்றிருந்தால் மரமே போயிருக்கும்.

மழைத்தண்ணீர் மட்டைக்குள் தேங்கும். வழிப்போக்கர்கள் அதைக் குடிப்பார்கள் என்று சொல்வார்களே, நான் ஒரு தடவை கத்தியால் கீறிப் பார்த்தேன், நாற்றத்தோடு கொசுப்புழு நெளிந்தது. டெங்குவுக்கு வீடு வீடாகப் பார்க்க வந்த பெண் என்னைத் திட்டிவிட்டுப் போனது நியாயம்தான். இப்போது மழை விட்டதும் கொஞ்சம் வேப்பெண்ணெய் ஊற்றுகிறேன்.

இன்னொன்று சொல்லணும். மாசியில் காய் வெடித்தது. மரக்கட்டை மாதிரி காய், உள்ளே விதையைச் சுற்றி நீலம். சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த பஞ்சு மாதிரி, அப்படி ஒரு நீலம். அம்மா நாலு விதையை ஸ்வாமி அலமாரியில் வைத்திருக்கிறாள், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

விதை போட்டால் எப்போது வளர்ந்து எப்போது பார்ப்பது, அதனால் அடியில் வந்த பக்கக்கன்று ஒன்றை வேரோடு பிரித்து பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறேன். இரண்டு இலை விட்டிருக்கிறது. ஆவணியில் வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். பிளானில் கேட் கிழக்கே இருக்கிறது, மாப்பிள்ளை வடக்கே மாற்றலாம் என்றாராம். வைத்தபிறகு இதைத் திருப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இரண்டு பேரும் பேசி ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அப்பா