கடலையின் மூக்கில் ரத்தம்

நாமக்கல்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். மாலையில் போனை எடுத்த நிலா, நீங்கள் வளர்க்கும் கினி பிக் கடலைக்கு மூக்கில் ரத்தம் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நீ அவளிடமிருந்து போனை வாங்கி, "தும்மினதுல வந்ததுப்பா, நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டு, பெங்களூரு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாய். அதன்பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

கினி பிக்குக்கு மூக்கில் ரத்தம் வந்தால், அது நின்றுவிட்டாலும், அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அது மூக்கால் மட்டுமே சுவாசித்துப் பழகிய பிராணி. உறைந்த ரத்தம் மூக்கை அடைத்துக்கொண்டால், நம்மைப் போல வாயால் மூச்சு வாங்கிச் சமாளிக்க அதற்கு இயலாது. மேலும், மற்ற விலங்குகளுக்கு இரையாகும் சாதி என்பதால், உடம்புக்கு முடியாததை அது வெளியே காட்டிக்கொள்ளாது. தீனியை விட்டுவிட்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பது நம் கண்ணில் படுவதற்குள் நோய் முற்றியிருக்கும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கடலையை எடுத்து, அதன் முன்னங்கால்களின் உட்புறத்தைப் பார். மூக்கு ஒழுகினால் அது அங்கேதான் துடைத்துக்கொள்ளும். அந்த ரோமம் ஒட்டிக்கொண்டு பழுப்பாக இருந்தால், நீ பார்க்காத நேரத்திலும் ரத்தம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். கூண்டில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வை, இரவில் சொட்டியிருந்தால் காலையில் தெரிந்துவிடும்.

சோபாவிலிருந்து விழுந்ததா என்று நிலாவிடம் கேள். திட்டாமல் கேள், பயந்துவிட்டால் குழந்தை உண்மையைச் சொல்லாது. காய்ந்த புல்லின் ஈர்க்கு மூக்கில் ஏறியிருக்கலாம், மேல்பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம், கூட இருக்கும் மற்றொரு கினி பிக் பஞ்சுவோடு சண்டை போட்டிருக்கலாம், நெஞ்சில் சளித் தொற்றாகவும் இருக்கலாம். பால்கனியில் எலித் தொல்லை என்று சென்ற மாதம் சொன்னாயே, அங்கே மருந்து ஏதும் வைத்தாயா? புரோமாடியோலோன் போன்ற எலி மருந்து ரத்தத்தை உறையவிடாது, அதுவும் தின்று சில நாட்கள் கழித்துத்தான் அறிகுறி காட்டும். வைத்திருந்தால் அந்தப் பாக்கெட்டையும் டாக்டரிடம் கொண்டுபோ. வைட்டமின் கே கொடுத்து அவர்கள் காப்பாற்ற வழியுண்டு.

வைட்டமின் சி குறைந்தாலும் ரத்தம் கசியும். நம்மைப் போலவே அதன் உடம்பும் அதைத் தானாகத் தயாரிப்பதில்லை. எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமாவது வேண்டும், நோயுற்றால் 30 வரை தேவைப்படும். திறந்து வைத்த தீவனத்தில் அந்தச் சத்து சில மாதங்களில் போய்விடுமாதலால், மூட்டை மலிவாகக் கிடைத்தது என்று மொத்தமாக வாங்கி வைக்காதே. குடைமிளகாய்த் துண்டும் கொத்தமல்லித் தழையும் தினமும் கொடு. நீயும் ஒழுங்காகச் சாப்பிடு. படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது என்று அம்மா சொல்கிறாள்.

போன தடவை நிலாவுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பில் மீதி இருந்தால், அதை ஒரு சொட்டுக்கூடக் கடலைக்குக் கொடுத்துவிடாதே. பென்சிலின் வகை மருந்துகள் அதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, கெட்ட கிருமிகளைப் பெருகச் செய்து, உயிரையே வாங்கிவிடும். மறுபடியும் ரத்தம் வந்தால் மூக்கில் பருத்திப் பஞ்சை அடைக்காதே, மல்லாக்கப் போடாதே. துண்டில் சுற்றி நிமிர்ந்தவாக்கில் வைத்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூக்கின்மேல் லேசாக ஒற்று. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலும், இரண்டு துவாரத்திலும் வந்தாலும், ஈறு வெளுத்திருந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விடத் திணறினாலும், நடு இரவானாலும் கிளம்பிவிடு. அரை நாள் தீனி எடுக்காமல் இருந்தாலே அவசரம்தான். குடல் ஓட்டம் நின்றுவிடும்.

பத்து வயதில் ஆட்டுக்குட்டியின் வாயைத் திறந்து கை நடுங்காமல் மருந்து ஊற்றிய பெண் நீ. கால்நடை ஆய்வாளரின் மகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மோகனூரில் எல்லோரும் சொன்னார்கள். அப்படிப்பட்ட நீ "நின்னுபோச்சு" என்று விட்டுவிடுவாய் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பியதாக நிலா சொன்னாள். அப்படியானால் ஹெப்பாளில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே கேட்டிருக்கலாம். எனக்கு ஒரு போன் செய்திருந்தாலும் நான் யாரிடமாவது விசாரித்துச் சொல்லியிருப்பேன். இப்போதெல்லாம் எதையுமே நீ எங்களிடம் கேட்பதில்லை.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதே. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு. அம்மா உன் கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறாள். கடலைக்கு ஆனது போக மீதி இருந்தால் வீட்டுக்கு வைத்துக்கொள், திருப்பி அனுப்பாதே. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்பது உன் இஷ்டம்.

நாளைக் காலையிலேயே டாக்டரிடம் காட்டிவிடு. வெயில் ஏறுவதற்குள் கிளம்பு, அதற்குச் சூடு ஆகாது. தனியாகப் போனால் மிரளும், ஆகவே பஞ்சுவையும் அதே பெட்டியில் வைத்து எடுத்துப்போ. கிளம்புமுன் இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை டாக்டர் கேட்பார். அவர் என்ன சொன்னார் என்பதை நிலாவிடம் சொல்லி அனுப்பாமல் நீயே எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா