குறும்பட எடிட்டிங்: சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியது

நண்பர்களே, டீக்கடைக் காட்சி முழுவதும் டிரைவில் ஏற்றியாச்சு. எடிட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டவர்கள் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள், நம் படத்துக்கு அதுவே தாராளம். கிளிப்பை உள்ளே கொண்டுவரும் முன்பே ஃபிரேம் ரேட்டை (ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) 25 என்று வைத்துவிடுங்கள், அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

ஒரே காட்சியை ஆளாளுக்குத் தனியாக வெட்டுவோம். பையன் முகம் திரையில் இருக்கும்போதே பாட்டியின் "உட்காருப்பா" கேட்க ஆரம்பித்து, அதன் பிறகு பாட்டி தெரிந்தால் அது ஜே கட். எல்லோரும் இதை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும், அந்த அரை நொடியில்தான் காட்சிக்கு உயிர் வருகிறது. ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும்போது போடும் டிரான்சிஷன் எஃபெக்ட் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

இறக்கிய ஃபைல்களின் பெயரையோ ஃபோல்டரையோ பாதியில் மாற்றாதீர்கள், மாற்றினால் மென்பொருளுக்கு ஃபைல் கிடைக்காமல் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக வந்து நிற்கும். சனி மாலைக்குள் எக்ஸ்போர்ட் செய்து இங்கே போடுங்கள்.