சென்ரிமீற்றரையும் அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வந்த 2025ஆம் ஆண்டு மெய்வல்லுநர் மீள்பார்வையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோஷத்தோடு, இரண்டாம் தரம் சிவப்புப் பேனாவோடு. முப்பது வருடம் உடற்கல்வி படிப்பித்தவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது.

உலகப் பக்கத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சுவீடனின் டுப்லாண்டிஸ் பெப்ரவரியில் 6.27 மீற்றர், ஜூனில் 6.28, ஓகஸ்டில் 6.29 என்று கோலூன்றிப் பாய்ந்து, செப்டெம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் மூன்றாவது முயற்சியில் 6.30ஐத் தாண்டியதை மாதமும் இடமும் பிசகாமல் போட்டிருந்தீர்கள். ஜூலை 5ஆம் திகதி அமெரிக்காவின் யூஜின் நகரில் ஒரே நாளில் இரண்டு கென்யப் பெண்கள் உலக சாதனை படைத்ததையும் விடவில்லை. பியற்றிஸ் செபெற் 5000 மீற்றரை 13 நிமிடம் 58.06 செக்கனில் முடித்து 14 நிமிடத்துக்குள் வந்த முதல் பெண்ணானார். பேத் கிப்யேகன் 1500 மீற்றரை 3 நிமிடம் 48.68 செக்கனில் ஓடினார். எனக்கு மிகவும் பிடித்தது சிட்னி மக்லோக்லினைப் பற்றிய வரி. டோக்கியோவில் 400 மீற்றரை 47.78 செக்கனில் ஓடித் தங்கம் வென்றாலும் அது உலக சாதனை இல்லை, 1985இல் மரீற்றா கோச் ஓடிய 47.60 இன்னும் நிற்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள். அப்படித்தான் எழுத வேண்டும்.

பக்கத்தைப் புரட்டி எங்கள் ஊர்ச் செய்திக்கு வந்தால்தான் பேனா வேலை செய்யத் தொடங்கியது. 'சாதனை' என்ற சொல் பதினொரு தரம் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். எத்தனை மீற்றர், எத்தனை செக்கன், முந்திய சாதனை யாருடையது என்று ஒரு இடத்திலும் இல்லை. கோட்ட மட்டத்தில் முதலிடம் பெற்றவரும் சாதனை, மாகாணத்தில் மூன்றாம் இடம் பெற்றவரும் சாதனை, பரிசளிப்புக்கு வந்து போன பிரமுகரின் உரையிலும் சாதனை. படத்தில் பொன்னாடை போர்த்தவர் நடுவில் நிற்கிறார், பதக்கம் எடுத்த பிள்ளை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது.

பாதிப் பிழை சொல்லில் இருக்கிறது என்பது உண்மைதான். தமிழில் கெட்டித்தனமாக ஒன்றைச் செய்து முடித்தாலும் சாதனை, முன்னர் எவரும் தொடாத அளவைத் தொட்டாலும் சாதனை. எங்கள் காலத்தில் திடலில் குழப்பம் இருக்கவில்லை. 'அவன் ரெக்கோட் உடைச்சிட்டான்' என்றால் பழைய அளவு எழுதிய கொப்பியை எடுத்துக்கொண்டு மாஸ்டர் ஓடிவருவார். மற்றதெல்லாம் 'நல்லாய் ஓடினான்' தான். அந்தக் கொப்பியில் வருடமும் பெயரும் அளவும் இருக்கும். சிலவேளை 'மழை, திடல் ஈரம்' என்றும் இருக்கும்.

பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்தார் என்று இன்றைய பிள்ளைக்குச் சொன்னால், அது கேட்கும் முதல் கேள்வி 'எவ்வளவு, சேர்?' என்பதுதான். 2.03 மீற்றர். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இங்கே நாடு இனக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த அதே மே மாதக் கடைசியில் அவர் அங்கே பாய்ந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் 2.03 மறக்கப்படவில்லை, ஏனென்றால் அது எழுதப்பட்டது. 2024இல் அவர் காலமானபோது எந்தப் பத்திரிகையும் அந்த எண்ணைத் தேடி அலைய வேண்டி வரவில்லை.

அடுத்தது, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். கோலூன்றிப் பாய்தல் இன்று எங்கள் மண்ணின் போட்டியாகிவிட்டது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் இருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியில் இருந்து வந்த அருந்தவராசா புவிதரன் 5 மீற்றருக்கு மேலே பாய்ந்து ஆண்களுக்கான தேசிய சாதனையைக் கைப்பற்றினார். இது என்ன வசதியில் நடந்தது என்று திடலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடியிலும் அதன் நீளமும் அது தாங்கும் எடையும் எழுதியிருக்கும். ஐம்பது கிலோ பிள்ளையிடம் எழுபது கிலோத் தடியைக் கொடுத்தால் தடி வளையாது, ஊன்றிய பிள்ளையை வந்த வழியே திருப்பி எறியும். பிள்ளை வளர வளரத் தடியும் மாற வேண்டும். எங்களிடமோ இருந்த தடிக்கு ஏற்ற மாதிரிப் பிள்ளையைத் தெரிவு செய்கிற நிலைமை. அதைக் கொழும்புக்குக் கொண்டுபோவது தனிப் போட்டி. ஒருமுறை இரவு பஸ்ஸில் நாலு மீற்றர்த் தடியைச் சீற்றுக்கு மேலே நீட்டி வைத்தபோது, நடத்துநர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'இதுக்கு மூண்டு ரிக்கற் எடுங்கோ மாஸ்டர்' என்றார். எடுத்தேன். அடுத்த நாள் அந்தத் தடியில் பாய்ந்த பிள்ளைக்கு ஆறாம் இடம். பத்திரிகையில் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் தன்னுடைய முந்திய உயரத்தைவிட ஏழு சென்ரிமீற்றர் கூடப் பாய்ந்திருந்தாள்.

சென்ரிமீற்றர் என்றால் ஏதோ சின்னச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். டுப்லாண்டிஸ் 2020இல் 6.17இல் தொடங்கி 6.30 வரை பதினான்கு உலக சாதனை செய்திருக்கிறார், ஒவ்வொன்றும் ஒரேயொரு சென்ரிமீற்றர் கூட்டி. அந்த ஒன்றை அளக்கத் தெரியாவிட்டால் பதினான்கும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வலயப் போட்டியில் நான் நடுவராக நின்றேன். ஒரு மாணவி கோலூன்றிப் பாய்ந்து குறுக்குக் கம்பியைத் தாண்டிவிட்டாள், பழைய அளவைவிட ஒரு சென்ரிமீற்றர் கூட. மைதானமே கத்தியது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். நாலரை மீற்றர் நீளக் குறுக்குக் கம்பி நடுவில் சற்றுத் தொய்ந்து நிற்கும். அளக்க வேண்டியது அந்தத் தொய்ந்த இடத்தில். அளவு எடுத்த இளைஞர் நிலைக்காலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தார். இரும்பு நாடாவைக் கொண்டுவரச் சொல்லி நடுவில் அளந்தோம். இரண்டு சென்ரிமீற்றர் குறைவு. கத்தின கூட்டம் அடங்கிப்போச்சு. அந்தப் பிள்ளை மெத்தையில் இருந்து இறங்கி வந்து, கையில் ஒட்டியிருந்த வெள்ளை மாவைத் துடைத்துக்கொண்டு, 'சரி சேர், திரும்பப் பாயிறன்' என்றாள். மூன்று தரம் பாய்ந்தாள், மூன்றும் தட்டியது.

மறுநாள் ஒரு பத்திரிகையில் 'மாணவி புதிய சாதனை' என்று வந்தது. அடுத்த கிழமை அவளே என்னிடம் வெட்டிய துண்டைக் கொண்டுவந்து, 'சேர், இது பிழையெண்டு அவையளுக்குச் சொல்லுங்கோவன்' என்றாள். நான் கடிதம் போட்டேன். திருத்தம் வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருந்த நேர்மை பெரியவர்களாகிய எங்களுக்கு இல்லையே என்று அப்போது வெட்கமாக இருந்தது. இப்போதும்தான்.

ஓட்டத்திலும் இதே கதை. கை மணிக்கூட்டில் எடுத்த 10.9ஐயும் மின்னணு முறையில் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிடுகிறீர்கள். 100 மீற்றரில் கை நேரத்தோடு 0.24 செக்கன் கூட்டித்தான் பார்க்க வேண்டும், அப்போது அந்த 10.9 வந்து 11.14 ஆகிவிடும். 2022 ஜூலையில் சுவிற்சர்லாந்தில் யுபுன் அபேகோன் 9.96 ஓடி, பத்துச் செக்கனுக்குள் வந்த முதல் தெற்காசியர் ஆனபோது காற்றின் வேகமும் அளந்துதான் ஏற்றுக்கொண்டார்கள். பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சாதனைப் பட்டியலில் இடமில்லை. எங்கள் மாசி மாதத் திடல்களில் அடிக்கிற காற்றை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு பழைய பிஸ்கற் ரின் நிறைய வெட்டுத் துண்டுகள் இருந்தன, மாணவனாக இருந்த காலத்தில் இருந்து சேர்த்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் ஊரோடு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது சைக்கிளில் அரிசி ஏற்றினோம், அம்மாவை ஏற்றினோம், ரின் அலுமாரிக்கு மேலே இருந்துவிட்டது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. பல பாடசாலைகளின் பழைய கொப்பிகளும் அப்படித்தான் போயின. ஆகவே எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு பாய்ந்தது என்பதற்கு உங்கள் பழைய பிரதிகளைத் தவிர வேறு சாட்சி இல்லாத வருடங்கள் இருக்கின்றன. அவற்றிலும் 'சாதனை' என்று மட்டும் இருந்தால் நாளைக்கு ஒருவர் எதை வைத்துப் பட்டியல் போடுவார்?

பக்கம் போதாது என்பீர்கள். பொன்னாடைப் படம் ஒன்றைக் குறைத்தால் இருபது முடிவுகள் போடலாம்: பெயர், பாடசாலை, வயதுப் பிரிவு, அளவு, பழைய அளவு. ஆள் இல்லை என்றால் அதற்கும் வழி சொல்கிறேன். தை பிறந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற நாலு பேர் இருக்கிறோம், கிழமையில் மூன்று திடலாவது போவோம். உங்கள் விளையாட்டுப் பகுதிக்குப் பொறுப்பானவர் தன்னுடைய வைபர் இலக்கத்தைத் தந்தால், அன்றிரவே முடிவுகளை அனுப்பிவிடுவோம். கை நேரமா மின்னணு நேரமா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்து அனுப்புவோம். கம்பியை நடுவில் அளந்ததாகவும் எழுதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
அளவெட்டி.